பிரான்ஸ் கிராமத்துப் பக்கம் கார்ல பத்து நாள்: எதை முன்னாடியே முடிக்கணும், எதை அப்படியே விட்டுடணும்

போன வருஷம் ஜூன்ல நாங்க நாலு பேர் பிரான்ஸ் போயிட்டு வந்தோம். நான், மனைவி, செமஸ்டர் முடிச்சிட்டு வீட்ல இருந்த மக, அப்புறம் அம்மா. அம்மாவுக்கு 68 வயசு, முட்டி வலி உண்டு, சுத்த சைவம். போறதுக்கு அஞ்சு மாசம் முன்னாடியே நான் உக்காந்து ஒரு எக்செல் ஷீட் போட்டிருந்தேன். 12 ராத்திரி, ஒன்பது ஊர். பாரிஸ், லுவார் ஆத்தங்கரைக் கோட்டைகள், பொர்தோ, தோர்தோன், கார்கசோன், ப்ரோவான்ஸ், நீஸ், அன்னெசி, லியோன்னு வரிசையா இருந்துச்சு. அதை ஒருநாள் ராத்திரி சாப்பிடறப்ப படிச்சுக் காட்டினேன். அம்மா முழுசா கேட்டுட்டு, "இதுல நாம எப்பப்பா உக்காருவோம்?"னு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க.

அந்தக் கேள்விக்கு என்கிட்ட பதில் இல்ல. ஒன்பது ஊர்ல ஏழை அடிச்சேன். மிச்சம் இருந்தது ரெண்டு இடம்: பொர்தோவுக்குப் பக்கத்துல சான்-எமிலியோன், அதுக்குக் கிழக்கே தோர்தோன் ஆத்துப் பள்ளத்தாக்குல சார்லா. ஊர் ஊரா மாறாம ஒரே வீட்ல ஒரு வாரம் தங்கிட்டு, காலையில கிளம்பி அக்கம்பக்கம் சுத்திட்டு மத்தியானமோ சாயங்காலமோ வீட்டுக்கே திரும்பி வர்ற மாதிரி மாத்திட்டேன். இது எவ்வளவு நல்ல முடிவுன்னு அங்க போனப்புறம்தான் முழுசா புரிஞ்சுது, ஏன்னா தினமும் பெட்டி கட்டி அவிழ்க்கிற வேலை இல்லாததே பாதி ஓய்வு, வயசானவங்க கூட வந்தா அது முக்கால் ஓய்வு.

முதல்ல பேப்பர் வேலையைச் சொல்லிடறேன், ஏன்னா நிதானமா போகணும்னா இதை மட்டும் நிதானமா விடக்கூடாது. பிரான்ஸ் போக நமக்கு வேண்டிய ஷெங்கன் விசாவுக்கு, பயணத் தேதிக்கு ஆறு மாசம் முன்னாடியே விண்ணப்பிக்கலாம், கடைசி 15 நாள் வரைக்கும் இழுத்தா ஆபத்து. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவ இன்சூரன்ஸ் வேணும், ஒவ்வொரு ராத்திரியும் எங்க தங்கறோம்ங்கறதுக்கு ஆதாரமும் வேணும். ஒன்பது ஊர் பிளான்ல ஒன்பது புக்கிங் காட்டணும், இப்ப பாரிஸையும் கடைசி ராத்திரிக்கு பொர்தோவையும் சேர்த்து நாலே பேப்பர்ல முடிஞ்சுது.

லைசென்ஸ் விஷயத்துல நிறைய பேர் அசால்ட்டா இருக்காங்க. நம்ம ஊர் லைசென்ஸ் மட்டும் பத்தாது, ஆர்டிஓ குடுக்கற இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட்டும் சேர்த்து வெச்சிருக்கணும். அது ஒரு வருஷம் செல்லும், ஆனா தனியா செல்லாது, ஒரிஜினல் லைசென்ஸ் கார்டும் கையில இருக்கணும், மொபைல்ல இருக்கற காப்பியை நம்பிப் போகாதீங்க. நானும் மனைவியும் ரெண்டு பேருமே எடுத்தோம், ரெண்டாவது டிரைவர்னு அவ பேரையும் சேர்த்தோம். மகளுக்கும் லைசென்ஸ் இருக்கு, ஆனா 20 வயசுதான்ங்கறதால வாடகை கம்பெனி ஒத்துக்கல.

கார் புக் பண்றப்ப பார்க்க வேண்டியது மூணு விஷயம். ஒண்ணு, ஆட்டோமேட்டிக் வேணுமா. அங்க இன்னும் மேனுவல் வண்டிதான் வாடகைக்கு அதிகம் கிடைக்குது, ஆட்டோமேட்டிக் விலை ஜாஸ்தி, கோடையில சீக்கிரமே தீந்து போகும். இடது கை ஸ்டியரிங், வலது பக்கம் ஓட்டறது, இதோட வலது கையால கியர் போடறதையும் புதுசா பழகணுமான்னு யோசிச்சு நாங்க கூடக் காசு குடுத்து ஆட்டோமேட்டிக்கே எடுத்தோம், அதுல எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்ல. ரெண்டாவது, பெரிய எஸ்யூவி வேண்டாம். நாலு பேர், நாலு பெட்டின்னு யோசிச்சு பெருசா எடுக்கத் தோணும், ஆனா அந்தக் கிராமத்துச் சந்துகள் குதிரை வண்டி காலத்துல போட்டது, ரெண்டு பக்கமும் கல் சுவர். நாலு பேரும் ஆளுக்கொரு சின்னப் பெட்டியோட போயிட்டு நடுத்தர ஹேட்ச்பேக் எடுத்தோம். மூணாவது, டெபாசிட்டுக்கு டிரைவர் பேர்லயே கிரெடிட் கார்டு வேணும். என் முன்னாடி க்யூல நின்ன ஒரு குடும்பத்துக்கு கார்டு அப்பா பேர்ல, புக்கிங் பையன் பேர்ல, அரை மணி நேரம் போராடியும் சாவி குடுக்கல, பார்க்கவே கஷ்டமா இருந்துச்சு.

பாரிஸ்ல இருந்தே காரை எடுக்காதீங்க, இதை அழுத்திச் சொல்றேன். நீளமான ஃப்ளைட், தூக்கம் இல்ல, எதிர்ப் பக்கம் ஓட்டற பழக்கம் இல்ல, அந்த நிலைமைல பாரிஸ் ரிங் ரோட்ல இறங்கறது நமக்கும் நல்லதில்ல, அங்க ஓட்டறவங்களுக்கும் நல்லதில்ல. நாங்க பாரிஸ்ல ரெண்டு ராத்திரி தூங்கி உடம்பை சரி பண்ணிட்டு, டிஜிவிங்கற அதிவேக ரயில்ல பொர்தோ போனோம். 500 கிலோமீட்டருக்கு மேல, ரெண்டு மணி நேரமும் சில நிமிஷமும்தான். கார் பொர்தோ ஸ்டேஷன்கிட்டயே எடுத்தோம். வாடகை ஆபீஸ் நேரத்தையும் பாத்துக்குங்க, சின்ன ஊர்ல மத்தியானம் ரெண்டு மணி நேரம் பூட்டிடுவாங்க, ஞாயித்துக்கிழமை திறக்கவே மாட்டாங்க.

வண்டியை வாங்கினதும் கிளம்பிடாதீங்க. மக போனை எடுத்து நாலு பக்கமும், வீலு, கண்ணாடி, கூரை, உள்ள கிலோமீட்டர் மீட்டர், பெட்ரோல் முள்ளு எல்லாத்தையும் ஒரே வீடியோவா எடுத்தா. இடது பின் கதவுல ஒரு கீறல் இருந்துச்சு, அவங்க குடுத்த பேப்பர்ல அது இல்ல, திரும்பப் போயி எழுத வெக்கலாம்னா கவுண்டர்ல பெரிய கூட்டம். வீடியோ இருக்குன்னு விட்டோம். ஊருக்கு வந்து மூணு வாரம் கழிச்சு அதே கீறலுக்கு 280 யூரோ கார்டுல எடுத்துட்டாங்க. வீடியோவை அனுப்பி, எடுத்த நேரத்தையும் காட்டி மூணு மெயில் போட்டப்புறம் பணம் திரும்ப வந்துச்சு. அந்த ரெண்டு நிமிஷ வீடியோ இல்லேன்னா காசு போனது போனதுதான்.

முதல் ஒரு மணி நேரம் யாரும் பேசக்கூடாதுன்னு முன்னாடியே சொல்லி வெச்சிருந்தேன். நம்ம ஊர் வண்டிகள்ல இண்டிகேட்டர் பெரும்பாலும் வலது கை பக்கம், அங்க இடது பக்கம், அதனால திரும்பணும்னு நினைச்சப்பல்லாம் வைப்பர் ஓடுச்சு. அது ஆபத்தில்ல. உண்மையான ஆபத்து காலி ரோட்லதான். டிராஃபிக் இருந்தா முன்னாடி போறவன் பின்னாடியே போயிடுவோம், தப்பு வராது. ஒரு பெட்ரோல் பங்க்ல இருந்து வெளிய வர்றோம், ரோட்ல ஈ காக்கா இல்ல, அப்ப கை தானா இடது பக்கம் இழுக்கும், இத்தனை வருஷப் பழக்கம் அது. முன் சீட்ல இருந்த மகளோட வேலை ஒண்ணே ஒண்ணுதான், ஒவ்வொரு திருப்பத்துக்கும் முன்னாடி "வலது பக்கம்ப்பா"ன்னு சொல்லணும். ரெண்டு தடவை அது எங்களைக் காப்பாத்துச்சு. மூணாவது நாளுக்கு அப்புறம் தேவைப்படல, ஆனாலும் சொல்லிட்டே வந்தா.

ரவுண்டானா அங்க அஞ்சு நிமிஷத்துக்கு ஒண்ணு வரும். நாம சுத்தறதுக்கு எதிர்ப் பக்கம் சுத்தணும், உள்ள ஏற்கனவே இருக்கற வண்டிக்கு வழி விடணும். எந்த வழியில வெளிய போறதுன்னு குழப்பமா இருந்தா இன்னொரு சுத்து சுத்துங்க, யாரும் ஹாரன் அடிக்க மாட்டாங்க, நாங்க ஒரு இடத்துல மூணு சுத்து சுத்தினோம்.

இப்ப சொல்லப்போறதுதான் கிராமத்து ரோட்ல முக்கியமான விதி, இதைத் தெரிஞ்சுக்காம யாரும் அங்க ஸ்டியரிங்கைத் தொடக்கூடாதுன்னு நினைக்கிறேன். ரெண்டாவது நாள், பெர்ஜராக் தாண்டி ஒரு சின்ன ஊர், நான் மெயின் ரோட்ல 40ல போறேன், வலது பக்கம் ஒரு வீட்டுக்கும் சுவருக்கும் நடுவுல இருந்த சந்துல இருந்து ஒரு பழைய வெள்ளை வேன் நிக்காம, திரும்பிக்கூடப் பார்க்காம நேரா ரோட்டுக்கு வந்துச்சு. பிரேக்கை முழுசா மிதிச்சேன், பின்னாடி அம்மா மடியில இருந்த செர்ரிப் பழம் எல்லாம் கால்கிட்ட சிதறிடுச்சு. அந்த வேன்காரர் பெரியவர், கோவப்படவே இல்ல, என்னைப் பார்த்து மெதுவா கையைத் தூக்கிட்டுப் போயிட்டார். நான் அவர் மேலதான் தப்புன்னு நினைச்சேன். அன்னிக்கு சாயங்காலம் நாங்க தங்கியிருந்த வீட்டோட சொந்தக்காரம்மாகிட்ட சொன்னப்ப அவங்க ஒரு பேப்பர்ல படம் போட்டு விளக்கினாங்க: போர்டோ கோடோ எதுவும் இல்லாத சந்திப்புல வலது பக்கத்துல இருந்து வர்றவருக்குத்தான் முன்னுரிமை, அவர் சந்துல இருந்து வந்தாலும் சரி, நாம பெரிய ரோட்ல போனாலும் சரி. பிரியோரிட்டே ஆ த்ருவாத்னு பேர். வெள்ளை ஓரம் போட்ட மஞ்சள் டைமண்ட் போர்டு பாத்தா நம்ம ரோட்டுக்கு முன்னுரிமை, அதே போர்டுல குறுக்கே கறுப்புக் கோடு இருந்தா அந்த உரிமை முடிஞ்சுது. தப்பு என் மேல. அதுக்கப்புறம் ஒவ்வொரு ஊருக்குள்ளயும் வலது பக்கச் சந்தைப் பாத்துட்டேதான் ஓட்டினேன்.

வேகத்துக்கு வந்தா, ஊர்ப் பேர் எழுதின சிவப்பு ஓரம் போட்ட போர்டே 50ன்னு அர்த்தம், தனியா 50ன்னு எழுதியிருக்க மாட்டாங்க. அதே பேர் மேல கோடு போட்டிருந்தா ஊர் முடிஞ்சுது. ஊருக்கு வெளிய ரெண்டு வழி ரோட்ல 2018 ஜூலைல இருந்து 80, சில மாவட்டங்கள்ல சில ரோட்டுக்குத் திரும்ப 90 ஆக்கியிருக்காங்க, போர்டைப் பாத்துக்கணும். எக்ஸ்பிரஸ்வேல 130, மழை பேஞ்சா 110. கேமரா எல்லா இடத்துலயும் இருக்கு, அபராதத்தோட வாடகை கம்பெனியும் தன் பங்குக்கு ஒரு கட்டணம் போடும். குடிச்சிட்டு ஓட்டற அளவு நம்மள விடக் கொஞ்சம் தாராளம், ரத்தத்துல லிட்டருக்கு 0.5 கிராம், ஆனா சான்-எமிலியோன் மாதிரி சுத்திலும் திராட்சைத் தோட்டமா இருக்கற ஊர்ல "கொஞ்சம் ருசி பாருங்க"ன்னு நாலு இடத்துல நீட்டுவாங்க, ஓட்டறவங்க வேண்டாம்னு சொல்லிடறதுதான் சரி.

பெட்ரோல் போடறப்ப ஒரு வார்த்தையை மனப்பாடம் பண்ணிக்குங்க: கசோல். கேட்டா கேஸோலின் மாதிரி, பெட்ரோல் மாதிரி இருக்கும், ஆனா அது டீசல். பெட்ரோலுக்கு எஸ்பி 95, எஸ்பி 98னு இருக்கும், டேங்க் மூடியில பெட்ரோல் வண்டின்னா இ10, டீசல் வண்டின்னா பி7னு ஒட்டியிருப்பாங்க, பம்ப்லயும் அதே இருக்கும், பொருத்திப் பாத்தா போதும். இ85ன்னு ரொம்ப மலிவா ஒண்ணு இருக்கும், அது சாதா வண்டிக்கு ஆகாது. எக்ஸ்பிரஸ்வே பங்க்ல விலை ஜாஸ்தி, ஊருக்கு வெளிய சூப்பர் மார்க்கெட்டோட சேர்ந்த பங்க்ல குறைச்சல். ஞாயித்துக்கிழமை அங்க ஆள் இருக்க மாட்டாங்க, மெஷின்தான், கார்டைப் போட்டு பின் நம்பர் அடிக்கணும். எங்க ஃபோரெக்ஸ் கார்டை அது எடுக்கவே இல்ல, கிரெடிட் கார்டு போச்சு. முதல்ல நூறு யூரோவுக்கு மேல பிடிச்சு வெச்சிட்டு, சில நாள் கழிச்சு போட்ட அளவுக்கு மட்டும் எடுத்துக்கிட்டாங்க, அதைப் பாத்து பயந்துடாதீங்க.

சான்-எமிலியோன்ல ரெண்டு ராத்திரி ஷாம்ப்ர் தோத்ல தங்கினோம். அதாவது ஒரு குடும்பம் தன் வீட்லயே அஞ்சு ரூமுக்கு மிகாம வாடகைக்கு விடறது, காலைச் சாப்பாடு அதுலயே சேர்த்தி. ஒண்ணு ரெண்டு ராத்திரிக்கு அது நல்லது. ஒரு வாரம்னா ஜீத்துங்கற முழு வீடு, சமையலறையோட. கோடையில ஜீத் சனிக்கிழமை டு சனிக்கிழமைதான் குடுப்பாங்க, நடுவுல ஆரம்பிக்கறது கஷ்டம், அதனால முதல்ல வீட்டோட சனிக்கிழமையை முடிவு பண்ணிட்டு மத்த தேதியை அதைச் சுத்தி வெச்சுக்குங்க. படுக்கை விரிப்பு, டவல் சேர்த்தியா, கடைசியில சுத்தம் பண்ற காசு தனியான்னு முதல்லயே கேளுங்க. அம்மா மாதிரி யாராவது இருந்தா கீழ்த்தளத்துல ஒரு பெட்ரூமும் பாத்ரூமும் இருக்கான்னு கேளுங்க, பழைய கல் வீட்ல மாடிப்படி செங்குத்தா இருக்கும்.

ஏசி இருக்காது. நாங்க போன வாரம் ஒருநாள் 37 டிகிரி தொட்டுச்சு. நம்ம ஊர்ப் பழக்கத்துல காத்து வரட்டும்னு எல்லா ஜன்னலையும் திறந்து வெச்சிருந்தோம், காலையில ஒன்பது மணிக்கு வீட்டுக்காரம்மா முட்டை குடுக்க வந்தவங்க அதைப் பாத்துட்டு, ஒண்ணும் சொல்லாம உள்ள வந்து ஒவ்வொரு ஜன்னலா கண்ணாடியையும் மூடி, வெளியில இருக்கற மரக்கதவையும் இழுத்துச் சாத்தி, இரும்புக் கொக்கியைத் திருப்பிப் போட்டாங்க. வீடு இருட்டாயிடுச்சு. அப்புறம் கையால சூரியன் இறங்கற மாதிரி காட்டி, பத்து விரலையும் விரிச்சாங்க, ராத்திரி பத்து மணிக்குத் திற. சுவர் முக்கால் மீட்டர் கனம் இருக்கும். மத்தியானம் வெளிய இருந்து உள்ள வந்தா மண்பானைக்குள்ள கையை விட்ட மாதிரி குளுமை. அம்மாவுக்கு அந்த இருட்டு அறையில மூணு மணித் தூக்கம் ரொம்பப் பிடிச்சுப் போச்சு.

ஜூன் கடைசில அங்க சூரியன் மறைய கிட்டத்தட்ட ராத்திரி பத்து மணி ஆகும். இதை வெச்சுதான் எங்க நாளே அமைஞ்சுது. காலையில எட்டுல இருந்து பன்னெண்டு வரைக்கும் ஒரு இடம், மத்தியானம் வீடு, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல ஒரு சின்ன ரவுண்டு. ஒரு நாளைக்கு ஒரு இடம்தான், ரெண்டாவது இடம் மனசு இருந்தா மட்டும்.

சாப்பாட்டு நேரத்துல நாங்க பட்ட பாடு இருக்கு. ஓட்டல்ல மத்தியானம் 12ல இருந்து 2 வரைக்கும்தான், 2:10க்குப் போனா சமையலறை மூடியாச்சு. ராத்திரி 7 மணிக்கு முன்னாடி எதுவும் இல்ல. திங்கக்கிழமை நிறைய ஓட்டல் லீவு, ஞாயிறு மத்தியானத்துக்கு மேல கடைகள் லீவு. முதல் திங்கக்கிழமை மூணு ஊர் சுத்தியும் திறந்த ஓட்டல் கிடைக்காம, கடைசியா ஒரு பேக்கரில மிச்சமிருந்த ரெண்டு பாகெட்டை, அதாவது நீள ரொட்டியை வாங்கி ஆத்தங்கரையில உக்காந்து தக்காளி வெச்சு சாப்பிட்டோம். சனிக்கிழமை வீட்டுக்குள்ள நுழையறதுக்கு முன்னாடியே சூப்பர் மார்க்கெட் போயி ரெண்டு நாளுக்குச் சாமான் வாங்கிடுங்க, எங்க வீட்ல எல்லாரும் ஒத்துக்கிட்ட பாடம் இது.

சைவக்காரங்களுக்குத் தனியா சொல்லணும். தோர்தோன் பக்கம் வாத்து நாடு. உருளைக்கிழங்கு வறுவல்னு நிம்மதியா ஆர்டர் பண்ணா, சார்லா பேர் சொல்ற அந்த உருளைக்கிழங்கை வாத்துக் கொழுப்புலதான் வறுப்பாங்க. பூண்டு சூப்லயும் அது இருக்கலாம். ஆட்டுப்பால் சீஸ் போட்ட சாலட் கிடைக்கும், ஆனா பன்றி இறைச்சித் துண்டு மேல தூவுவாங்க, வேண்டாம்னு முன்னாடியே சொல்லணும். மக ஒரு அட்டையில பிரெஞ்சுல எழுதி வெச்சிருந்தா: இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம், வாத்துக் கொழுப்பும் வேண்டாம். அதை நீட்டினா சிரிச்சுக்கிட்டே காளான் ஆம்லெட்டோ சாலடோ பண்ணிக் குடுத்தாங்க, முட்டை சாப்பிடாத அம்மாவுக்கு சீஸ், ரொட்டி, பழம். குழாய்த் தண்ணி ஜாடி கேட்டா காசு இல்லாம குடுக்கணும்ங்கறது அங்க விதி, பாட்டில் வாங்க வேண்டியதில்ல.

ஆனா ராத்திரி சாப்பாடு பெரும்பாலும் வீட்லதான். ஊர்ல இருந்து பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், ரசப்பொடி, ஒரு சின்னக் குக்கர் கொண்டு போயிருந்தோம். நெய்யும் பச்சைக் கறிவேப்பிலையும் கொண்டு போகாதீங்க, பால் பொருளுக்கும் பச்சைத் தழைக்கும் ஐரோப்பாவுக்குள்ள அனுமதி இல்ல. அங்கயே நல்ல வெண்ணெய் கிடைக்குது, உருக்கினா நெய். மைசூர்ப் பருப்பு சூப்பர் மார்க்கெட்ல இருக்கு, இனிப்பில்லாத தயிரும் இருக்கு. புதன்கிழமை சார்லா சந்தைக்குப் போனோம். புதனும் சனியும் காலையில நடக்கும், ஒன்பது மணிக்குள்ள போகலேன்னா பார்க்கிங் கிடைக்காது. மஞ்சள் கல் கட்டடங்களுக்கு நடுவுல ஊரே கடை. 1962ல வந்த பாரம்பரியப் பாதுகாப்புச் சட்டத்தால முதல்ல சீரமைச்ச ஊர்கள்ல இதுவும் ஒண்ணு, அதனாலதான் பழைய முகம் அப்படியே இருக்கு. ஒரு பழைய தேவாலயத்தையே சந்தைக் கூடமா மாத்தி, ஜான் நூவெல்ங்கற கட்டடக் கலைஞர் வடிவமைச்ச பிரம்மாண்டமான இரும்புக் கதவு வெச்சிருக்காங்க. அம்மா பீன்ஸை ஒண்ணொண்ணா ஒடிச்சுப் பாத்து வாங்கினாங்க. கடைக்காரப் பையன் முதல்ல முறைச்சான், அப்புறம் அவனே இன்னொரு கூடையைக் கீழ இருந்து எடுத்து, அதுல ஒண்ணை ஒடிச்சு, சத்தத்தைக் கேட்கச் சொல்லி அம்மா காதுகிட்ட காட்டினான். அன்னிக்கு ராத்திரி பீன்ஸ் பருப்பு உசிலி.

எந்தக் கடைக்குள்ள நுழைஞ்சாலும் முதல் வார்த்தை பொன்ஜூர், அதாவது வணக்கம். கேட்க வேண்டியதை அதுக்கப்புறம் கேளுங்க. இதைச் சொல்லாம நேரா "ஹவ் மச்"னு ஆரம்பிச்சா முகம் இறுகிடும், பிரெஞ்சுக்காரங்க சிடுசிடுன்னு இருப்பாங்கன்னு சொல்றவங்க முக்கால்வாசிப் பேர் இதைச் சொல்லாம விட்டவங்களா இருக்கும்னு எனக்குத் தோணுது. அம்மாவுக்குத் தெரிஞ்ச ஒரே பிரெஞ்சு வார்த்தை அதுதான், கும்பிட்டுக்கிட்டே சொல்லுவாங்க, எங்க எல்லாரையும் விட அவங்களுக்குத்தான் நல்ல கவனிப்பு.

பாத்த இடங்கள்ல முன்பதிவு தேவைப்பட்டது ரெண்டுதான். ஒண்ணு லாஸ்கோ. 1940 செப்டம்பர்ல நாலு பசங்க கண்டுபிடிச்ச ஆதிகால ஓவியக் குகை, ஜனங்க மூச்சுக் காத்துலயே ஓவியம் கெட ஆரம்பிச்சதால 1963ல மூடிட்டாங்க. இப்ப மோந்தின்யாக்ல 2016ல திறந்த முழு அளவு நகலைத்தான் பாக்கறோம். நகல்தானேன்னு நான் அரை மனசாதான் போனேன். உள்ள இருட்டுல தலைக்கு மேல அந்தக் காளைங்க ஓடறதைப் பாத்தப்புறம் அந்த எண்ணம் போயிடுச்சு. இங்கிலீஷ் டூர் நேரம் குறைவு, ஆன்லைன்ல பல நாள் முன்னாடியே எடுத்துடுங்க. இன்னொண்ணு பாதிராக், பூமிக்குள்ள 103 மீட்டர் இறங்கி படகுல போற குகை ஆறு, உள்ள எப்பவும் 13 டிகிரி, ஸ்வெட்டர் வேணும். லிஃப்ட் இருந்தாலும் உள்ள படி நிறைய. மனைவியும் மகளும் போனாங்க, நானும் அம்மாவும் மேல மரத்தடியில ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்தோம். அப்பாவைப் பத்தி அம்மா அவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதே இல்ல.

முட்டி வலிக்காரங்களோட போனா, ரோக்கமதூர்ங்கற யாத்திரை ஊர்ல பயப்பட வேண்டாம். பழைய காலத்துல யாத்திரை வந்தவங்க முட்டி போட்டு ஏறின 216 படி அங்க இருக்கு, நமக்கு லிஃப்ட் இருக்கு. பெய்னாக் கோட்டைக்கு கீழ ஊர்ல நிறுத்தாம மேல கோட்டைகிட்டயே போயி நிறுத்துங்க, மலையேத்தம் மிச்சம். அங்க இருந்து ஆத்துக்கு எதிர்க்கரையில கஸ்தெல்நோ கோட்டை தெரியும், நூறாண்டுப் போர்ல ஒண்ணு பிரெஞ்சுக்காரங்க பக்கம், ஒண்ணு இங்கிலீஷ்காரங்க பக்கம்னு மொறைச்சுக்கிட்டு நின்னது. நடுவுல அமைதியா ஓடற ஆத்துல இப்ப பசங்க கனூ விடறாங்க. லா ரோக்-கஜாக்ல கபார்ங்கற தட்டைப் படகுல ஒரு மணி நேரம் உக்காந்தபடியே போகலாம், அந்தக் காலத்துல ஒயினும் மரமும் ஏத்திப் போன படகு அது. அம்மாவுக்கு அந்த ட்ரிப்லயே பிடிச்சது அதுதான்.

நேவிகேஷன்ல ஒரு எச்சரிக்கை. டோல் வேண்டாம்னு போடறது நல்லது, ஆனா எல்லா ஹைவேயும் வேண்டாம்னு போட்டா வால்நட் தோப்புக்கு நடுவுல ஒத்தை வண்டிப் பாதையில கொண்டு விடும், எதிர்ல டிராக்டர் வந்தா யாராவது ஒருத்தர் 200 மீட்டர் ரிவர்ஸ் போகணும். நான்தான் போனேன். பள்ளத்தாக்குல சிக்னல் விட்டு விட்டு வரும், மேப்பை இறக்கி வெச்சுக்குங்க. மேப் 40 நிமிஷம்னா நாங்க 70 நிமிஷம்னு கணக்கு வெச்சோம், வழியில நிறுத்தத் தோணிக்கிட்டே இருக்கும்.

ஜூலை, ஆகஸ்ட்ல போறவங்க சனிக்கிழமை தூர ஓட்டம் ஓட்டாதீங்க. பிசோன் ஃபுயூதேன்னு அரசாங்கத்தோட டிராஃபிக் காலண்டர் இருக்கு, பச்சை, ஆரஞ்சு, சிவப்பு, கறுப்புன்னு நாளைப் பிரிச்சிருப்பாங்க. ஜூலை விடுமுறைக்காரங்க திரும்பி ஆகஸ்ட் விடுமுறைக்காரங்க கிளம்பற வாரக் கடைசி கறுப்புதான். நாங்க ஸ்கூல் லீவு விடறதுக்கு முன்னாடி ஜூன்லயே போனதால ரோடு காலியா இருந்துச்சு, விலையும் குறைச்சல்.

எதுவும் பிளான் பண்ணாம கிடைச்சதுல ஒண்ணைச் சொல்றேன். ஜூன் 21 சாயங்காலம் ரொட்டி வாங்க பக்கத்து ஊருக்குப் போனோம். சதுக்கத்துல நாலு பெஞ்சு, ஒரு டிராக்டர் டிரெய்லர் மேல மைக்கு, அக்கார்டியன் வெச்சுக்கிட்டு ஒரு பாட்டி. 1982ல இருந்து அந்த நாள்ல நாடு முழுக்கத் தெருவுல பாட்டு வாசிப்பாங்களாம், எங்களுக்கு அது தெரியவே தெரியாது. பத்து மணிக்கு இன்னும் வெளிச்சம். மகளை யாரோ ஒரு அக்கா கையைப் பிடிச்சு ஆட்டத்துக்குள்ள இழுத்துட்டுப் போயிட்டாங்க. ரொட்டி வாங்க மறந்தே போச்சு. எக்செல் ஷீட் பிரகாரம் அன்னிக்கு ராத்திரி நாங்க கார்கசோன் பக்கம் எக்ஸ்பிரஸ்வேல இருந்திருக்கணும்.

சனிக்கிழமை காலையில பத்து மணிக்கு வீட்டை ஒப்படைச்சோம். வீட்டுக்காரம்மா அவங்களே பண்ணின பிளம் ஜாம் ஒரு பாட்டில் குடுத்தாங்க. அம்மா உள்ள போயி மிச்சம் இருந்த பருப்புப்பொடியை அப்படியே டப்பாவோட கொண்டு வந்து அவங்க கையில வெச்சாங்க, எப்படிச் சாப்பிடணும்னு மக பிரெஞ்சுல எழுதிக் குடுத்தா: சூடான சோறு, உருக்கின வெண்ணெய், ரெண்டு ஸ்பூன் பொடி. ரெண்டு வாரம் கழிச்சு மகளுக்கு ஒரு போட்டோ வந்துச்சு. வேகவெச்ச உருளைக்கிழங்கு, மேல வெண்ணெய், அது மேல எங்க பருப்புப்பொடி. டப்பா பாதி காலி. அடுத்த தடவை வர்றப்ப ரெண்டு டப்பா கொண்டு வரச் சொல்லி கீழ எழுதியிருந்தாங்க.